சால்டரிங் அயர்ன் நுனியில் எத்தனை டிகிரி? சூடான கம்பிக்குக் கணக்கு போட்ட தமிழர்! யார் இந்த கே.எஸ்.கிருஷ்ணன்?

புதுக்கோட்டை கீழராஜ வீதிப் பக்கம் இருக்கும் செல்போன் சர்வீஸ் கடை ஏதாவது ஒன்றில் எட்டிப் பாருங்க. மேசை மேல் சின்னதா ஒரு பெட்டி, அதில் இருந்து ஒயர் போட்ட சால்டரிங் அயர்ன், பெட்டி முகப்பில் சிவப்பு எழுத்தில் 350 என்று ஒரு எண். நுனி 350 டிகிரி செல்சியஸில் இருக்கு என்று அந்தப் பெட்டி சொல்லுது. கடைக்காரரும் அதை நம்பித்தான் உங்க போனில் கை வைக்கிறார்.

அந்த 350 உண்மைதானா என்பது சாதாரண சந்தேகம் இல்ல. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பழைய 63/37 பற்று 183 டிகிரியிலேயே உருகிடும். ஈயம் இல்லாத புது வகைக்கு 217 டிகிரிக்கு மேல் வேணும். நுனியில் சூடு குறைஞ்சா டிரை சால்டர். இன்னைக்கு வேலை செய்யும், அடுத்த வாரம் போன் திரும்ப வரும். சூடு கூடினா போர்டில் ஒட்டியிருக்கும் செம்புத் தகடு பெயர்ந்து வந்துடும். அதோட அந்த போர்டு கதை முடிஞ்சுது.

நெருப்புப் பக்கத்தில் காய்ச்சல் தெர்மாமீட்டர் வைக்க முடியாது. அப்போ அந்தப் பெட்டிக்கு நுனியின் சூடு எப்படித் தெரியுது? சூடேறும் ஒரு உலோகத்தில் எந்த இடம் எவ்வளவு சூடு என்று கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? இந்தக் கேள்வியோடு வருஷக்கணக்கா மல்லுக்கட்டியவர் ஒரு தமிழர். ராமன் விளைவு கண்டுபிடிப்பில் ராமனோடு கூடவே நின்றவர். டெல்லியில் இந்தியாவின் அளவுகோல்களை எல்லாம் காக்கும் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். கே.எஸ்.கிருஷ்ணன் என்று பெயர் சொன்னா இன்னைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

முதலில் அந்த நுனிக்குள் என்ன இருக்கு?

பிளஸ் டூ இயற்பியல் படிச்சவங்களுக்கு வெப்ப மின்னிரட்டை என்ற வார்த்தை ஞாபகம் இருக்கலாம். தொழிலில் இருப்பவங்க தெர்மோகப்பிள் என்றே சொல்றாங்க. இரண்டு வேறு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் சேர்த்து, சேர்ந்த இடத்தைச் சூடாக்கினா, மறுமுனைகளுக்கு நடுவில் துளியூண்டு மின்னழுத்தம் கிடைக்கும். 1821-ல் ஜெர்மனியில் தாமஸ் சீபெக் இதைக் கண்டுபிடித்தார். ஆனா கம்பியில் மின்சாரம் ஓடுது என்பதை அவர் கடைசி வரை ஏற்கவில்லை. பக்கத்தில் வைத்த காந்த ஊசி அசைந்ததால், சூடு காந்தமாக மாறுது என்றே நம்பினார். விளக்கம் தப்பு, கண்டுபிடிப்பு சரி. பெயர் அவருக்கே போனது, சீபெக் விளைவு.

துளியூண்டு என்றால் எவ்வளவு? அதிகம் புழங்கும் கே வகை தெர்மோகப்பிளில் ஒரு டிகிரிக்கு சுமார் 41 மைக்ரோவோல்ட். சூடான முனை 350 டிகிரியிலும் மறுமுனை 0 டிகிரியிலும் இருந்தா 14.29 மில்லிவோல்ட் வரும். ரிமோட்டில் போடும் பென்சில் பேட்டரியில் நூறில் ஒரு பங்குதான்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கு. தெர்மோகப்பிள் சொல்வது சூட்டை இல்ல, இரண்டு முனைகளுக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தை. புதுக்கோட்டை மே மாதத்தில் மறுமுனை 0 டிகிரியிலா இருக்கும்? கடைக்குள் 40 டிகிரி என்றால் 14.29-க்குப் பதில் 12.68 மில்லிவோல்ட்தான் வரும். அதை அப்படியே அட்டவணையில் பார்த்தா 311 டிகிரி என்று காட்டும். நுனி உண்மையில் 350. கிட்டத்தட்ட 40 டிகிரி காணாமல் போச்சு! நல்ல பெட்டிகள் உள்ளே இன்னொரு சென்சார் வைத்து அறையின் சூட்டை அளந்து கூட்டிக்கும். விலை குறைவான சிலதில் இந்த வேலை அரைகுறையா நடக்கும்.

இப்போ வரும் சில நுனிகளில் சூடேற்றும் காயிலும் தெர்மோகப்பிளும் ஒரே ஜோடி ஒயரில், ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கு. 24 வோல்ட் ஓடும் அதே ஒயரில் மில்லிவோல்ட்டையும் படிக்கணும். அதனால் பெட்டி ஒரு கண நேரம் கரண்டை நிறுத்தி, அளந்துட்டு, திரும்ப கரண்ட் கொடுக்கும். ஒரு வேலை நடக்கும்போதே இது ஓயாமல் நடந்துக்கிட்டே இருக்கும். அந்த நுனிக்குள் எந்த உலோக ஜோடி இருக்கு என்பது கம்பெனிக்கு கம்பெனி மாறலாம். கே வகை அட்டவணையைக் கண்ணை மூடிக்கிட்டு போட முடியாது, தனியா அளந்து பார்க்கணும்.

இதை எல்லாம் சரி செய்தாலும் இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கு. தெர்மோகப்பிள் உட்கார்ந்திருப்பது காயில் பக்கத்தில். ஈயம் உருகுவது கூர்முனையில். இரண்டு இடமும் ஒரே சூடா? கிருஷ்ணன் கதைக்குள் நுழைவதற்கு இதுதான் வாசல்.

வத்திராயிருப்பில் இருந்து கல்கத்தா வரை

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் பிறந்தது 1898 டிசம்பர் 4. ஊர் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் வத்திராயிருப்பு, இன்றைய விருதுநகர் மாவட்டம். அப்பா விவசாயம் பார்த்தவர், தமிழும் சமஸ்கிருதமும் படித்தவர். பள்ளிப்படிப்பு சொந்த ஊரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும். பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, அடுத்து சென்னை கிறித்தவக் கல்லூரி.

படித்தது இயற்பியல், முதலில் கிடைத்த வேலையோ வேதியியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர். மதிய சாப்பாட்டு நேரத்தில் மாணவர்களோடு உட்கார்ந்து, இயற்பியல், வேதியியல், கணக்கு என்று எதைக் கேட்டாலும் பேசுவாராம். அந்தப் பேச்சைக் கேட்க வேறு கல்லூரிப் பசங்களும் வந்திருக்காங்க. இன்னைக்கா இருந்தா யூடியூப் சேனல் ஆரம்பிச்சிருப்பார்!

ஆராய்ச்சி ஆசை அவரைக் கல்கத்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனது. 1923-ல் சர் சி.வி.ராமனிடம் சேர்ந்தார். பவ்பஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம்தான் களம்.

1928 பிப்ரவரி: நோபல் யாருக்கு?

திரவங்களில் ஒளி எப்படிச் சிதறுது என்பது ராமன் குழுவின் ஆராய்ச்சி. கொஞ்ச காலமா தியரி பக்கமே மூழ்கியிருந்த கிருஷ்ணனை, 1928 பிப்ரவரி தொடக்கத்தில் ராமன் மறுபடி சோதனை மேசைக்குக் கொண்டுவந்தார். கருவி என்று பெரிதா ஒன்றும் கிடையாது. சூரிய ஒளி, அதைக் குவிக்க லென்ஸ், வண்ணக் கண்ணாடி வடிகட்டிகள், ரொம்ப சுத்தமா காய்ச்சி வடித்த திரவங்கள், அப்புறம் கிருஷ்ணனின் கண்.

உள்ளே போன ஒளி ஒரு நிறம், சிதறி வெளியே வந்ததில் கொஞ்சம் வேறு நிறம். இது வழக்கமான ஒளிர்தல் இல்ல என்பதை உறுதிப்படுத்த, ஒன்றில்லை இரண்டில்லை, சுமார் 60 திரவங்களில் பார்த்தாங்க. இந்தப் புதுவகைக் கதிர் பற்றிய முதல் குறிப்பு பிரிட்டனின் நேச்சர் இதழில் 1928 மார்ச் 31-ல் வெளியானது. அதில் இருந்தது இரண்டு பெயர்கள், ராமன், கிருஷ்ணன். பிப்ரவரி 28-ஐ நாம தேசிய அறிவியல் தினமா கொண்டாடுறோமே, அது இந்தக் கண்டுபிடிப்புக்காகத்தான்.

1930-ல் நோபல் பரிசு வந்தது. ராமனுக்கு மட்டும்.

இது நியாயமா என்ற விவாதம் இன்னும் ஓயல. கேள்வியை எழுப்பியவர், வருஷக்கணக்கா அந்தத் திசையில் குழுவை நடத்தியவர், முடிவின் அர்த்தத்தை உடனே பிடித்து உலகத்துக்குச் சொன்னவர் ராமன். இதில் சந்தேகம் இல்ல. ஆனா அந்த முக்கியமான வாரங்களில் இருட்டறையில் உட்கார்ந்து பார்த்த கண் கிருஷ்ணனுடையது. அந்த நாட்களை அவர் டைரியில் எழுதியும் வைத்திருக்கார். பரிசைப் பங்கு போட்டிருக்கணுமா என்பதைவிட, பள்ளிப் பாடப் புத்தகத்தில் இரண்டாவது பெயர் ஏன் இவ்வளவு சின்னதாகிப் போனது என்பதுதான் நாம கேட்க வேண்டியது. கிருஷ்ணன் வாழ்நாள் முழுக்க உரிமை கேட்டு எங்கேயும் சண்டை போடல. நோபல் அறிவிப்பு வருவதற்கு முன்பே அவர் அடுத்த வேலைக்குப் போயாச்சு.

டாக்காவில் தொங்கிய படிகம்

1928 கடைசியில் டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடராகச் சேர்ந்தார். இன்றைய வங்கதேசத் தலைநகர். போஸான் துகளுக்குப் பெயர் தந்த சத்யேந்திரநாத் போஸ் அப்போ அங்கே பேராசிரியர்.

அங்கே கிருஷ்ணன் எடுத்தது படிகங்களின் காந்தத் தன்மை. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சின்னப் படிகம் ஒன்றைக் கட்டி, காந்தத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவில் தொங்கவிடுவார். இழையை மேலே இருந்து மெதுவா முறுக்குவார். படிகம் காந்தத்தோடு பிடிவாதம் பிடிக்கும், ஒரு கட்டத்தில் சட்டென்று திரும்பிடும். எந்தக் கோணத்தில் திரும்பியது என்று பார்த்தா, படிகத்துக்குள் மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்து அடுக்கியிருக்கு என்பது வரை கணக்கு போடலாம். துணிக்கு நடுவில் போடும் பாச்சை உருண்டை இருக்கே, அந்த நாப்தலீனும் அவர் சோதித்த பொருட்களில் ஒன்று. சாந்திலால் பானர்ஜி இந்த வேலையில் கூட இருந்தார். செலவு கொஞ்சம், கைத்திறமை ஏராளம். அதுதான் கிருஷ்ணன் பாணி.

1933-ல் கல்கத்தா திரும்பி, மகேந்திரலால் சர்கார் பேராசிரியர் ஆனார். பென்சிலில் இருக்கும் கிராபைட்டில் மின்சாரம் ஒரு திசையில் சுலபமாகவும் இன்னொரு திசையில் ரொம்பக் கஷ்டப்பட்டும் ஓடுவதைக் காட்டியது இந்தக் காலத்தில்தான். 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1942-ல் அலகாபாத் பல்கலைக்கழகம். 1946-ல் சர் பட்டம்.

சூடான கம்பியின் கணக்கு

நாடு விடுதலை அடைந்த 1947-ல் அவருக்கு வந்தது ஒரு பெரிய பொறுப்பு, டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநர் பதவி. அந்த வருஷம் ஜனவரி 4-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1950 ஜனவரி 21-ல் படேல் திறந்து வைத்தார். நிர்வாகம், கமிட்டி, ஃபைல் என்று வந்துட்டா விஞ்ஞானிகள் பலர் ஆராய்ச்சியை மறந்துடுவாங்க. கிருஷ்ணன் மறக்கல. 50 வயதுக்கு மேல் புதுசா ஒரு கேள்வியைக் கையில் எடுத்தார்.

வெற்றிடத்தில் ஒரு மெல்லிய கம்பி. இரண்டு முனையும் தடியான பிடிப்பில் மாட்டியிருக்கு. மின்சாரம் பாய்ச்சினா கம்பி சிவந்து ஒளிரும். நடுவில் நல்ல சூடு. முனைகளில் பிடிப்பு சூட்டை உறிஞ்சுவதால் அங்கே குறைவு. நடுவில் இருந்து முனை வரை சூடு எப்படி இறங்குது? கம்பி எவ்வளவு நீளமா இருந்தா நடுப்பகுதி சீரான சூட்டில் இருக்கும்?

கேட்க எளிது, கணக்கு லேசில்ல. சூடான பொருள் கதிர்வீச்சாக இழக்கும் வெப்பம், கெல்வின் கணக்கில் அதன் வெப்பநிலையின் நான்காம் மடிக்கு ஏற்ப ஏறும். வெப்பநிலை இரண்டு மடங்கானா இழப்பு 16 மடங்கு. இதனால் சமன்பாடு நேர்கோட்டில் நிற்காது, பள்ளிக்கூட முறையில் தீர்க்க முடியாது. முன்னாடி முயற்சி செய்தவங்க தோராயமா நிறுத்தியிருந்தாங்க. கிருஷ்ணனும் எஸ்.சி.ஜெயினும் சேர்ந்து இதற்குத் தீர்வு கண்டு, 1954-ல் ராயல் சொசைட்டி இதழில் வெளியிட்டாங்க. 1960-ல் ஆர்.சுந்தரத்தோடு சேர்ந்து சூடேறும் குழாய்களுக்கும் சுருள்களுக்கும் அதே கணக்கை விரித்தார்.

இது வெறும் கணக்கு ஆசை இல்ல. அப்போ ரேடியோவில் இருந்தது வால்வுகள். வால்வுக்குள் ஒரு சூடான உலோகம் எலக்ட்ரான்களை வெளியே விடணும். சூடு கொஞ்சம் குறைஞ்சாலும் எலக்ட்ரான் எண்ணிக்கை மடமடவென விழும். கம்பியின் முனைகளில் சூடு குறைவு என்பதைக் கணக்கில் எடுக்காமல் அளந்தா, அந்த உலோகத்தைப் பற்றிய உங்க எண்ணே தப்பாகிடும்.

சால்டரிங் நுனிக்கு வருவோம். கிருஷ்ணனின் சமன்பாட்டை அப்படியே இங்கே போட முடியாது. அவர் எடுத்தது வெற்றிடம், இழப்பு கதிர்வீச்சு வழியா. நம்ம கடையில் காத்து இருக்கு, ஃபேன் ஓடுது, போர்டில் இருக்கும் செம்பு சூட்டைக் குடிக்குது. ஆனா கேள்வி அதேதான். காயில் பக்கம் ஒரு சூடு, கூர்முனையில் வேறு சூடு. நீளமா, ஊசி மாதிரி இருக்கும் நுனியில் இந்த வித்தியாசம் அதிகம். குட்டையா, உளி மாதிரி இருக்கும் நுனியில் குறைவு. ஊசி நுனி வைத்துக்கொண்டு ஈயம் உருகல என்று பெட்டியில் 420 வரை ஏற்றுபவர்கள் நுனியை மாற்றிப் பார்க்கலாம்.

சரிபார்க்க ஆசைப்பட்டு வெளியில் இருந்து தடியான தெர்மோகப்பிளை நுனியில் ஒட்டினா இன்னொரு கூத்து நடக்கும். கிருஷ்ணனின் கம்பியில் பிடிப்பு செய்த வேலையை இங்கே அந்த தெர்மோகப்பிள் செய்யும். தன் கம்பி வழியா சூட்டை உறிஞ்சிடும், அளக்கப் போன இடமே குளிர்ந்துடும். அதனால்தான் டிப் தெர்மாமீட்டர்களில் சென்சார் கம்பி தலைமுடி மாதிரி மெல்லிசா இருக்கும். நுனியில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி, அதில் சென்சாரை நனைத்து அளக்கணும். உலர்ந்த நுனியில் தொட்டு அளந்தா குறைவாத்தான் காட்டும்.

அளவுகோலைக் காத்தவர்

தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அடிப்படை வேலை, இந்தியாவில் ஒரு கிலோ என்றால் எவ்வளவு, ஒரு மீட்டர் எவ்வளவு, ஒரு டிகிரி எவ்வளவு என்பதைக் காப்பது. சேர், மணங்கு, படி, பலம் என்று ஊருக்கு ஒரு அளவு இருந்த நாடு, 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசாவுக்கும் 1958 அக்டோபரில் இருந்து படிப்படியா கிலோவுக்கும் மாறியது கிருஷ்ணன் இயக்குநராக இருந்த காலத்தில்தான். தேர்தலில் விரலில் வைக்கும் மை இருக்கே, அதன் கலவையும் இந்த ஆய்வகத்தில் உருவானதுதான். பொதுத்தேர்தலில் அது வந்தது 1962-ல். கிருஷ்ணன் அதைப் பார்க்கல.

வெப்பநிலைக்கு வந்தா ஒரு சுவாரசியம். 1948-ல் உலக நாடுகள் ஒத்துக்கொண்ட வெப்பநிலை அளவுகோலில், 630.5 டிகிரியில் இருந்து தங்கம் உறையும் 1063 டிகிரி வரைக்கும் அதிகாரபூர்வ கருவியே ஒரு தெர்மோகப்பிள்தான். ஒரு கம்பி பிளாட்டினம், இன்னொன்று பிளாட்டினத்தில் 10 சதவீதம் ரோடியம். 1990-ல் வந்த புது அளவுகோலில் அந்த இடம் பிளாட்டினம் மின்தடை தெர்மாமீட்டருக்குப் போனது. இப்போ சில உலோகங்கள் உறையும் புள்ளிகள்தான் படிக்கட்டு. வெள்ளீயம் 231.928 டிகிரி, துத்தநாகம் 419.527 டிகிரி. பற்று கம்பியில் இருக்கும் அதே வெள்ளீயம்தான், ஆனா ரொம்ப சுத்தமானது. ஒரு தெர்மோகப்பிள் சரியா சொல்லுதா என்ற கேள்விக்குக் கடைசி பதில் இந்தப் புள்ளிகளில்தான் இருக்கு.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இது தூரத்து விஷயம் இல்ல. திருமயத்தில் பெல் நிறுவனத்தின் மின்நிலையக் குழாய்ப் பிரிவு இருக்கு. அனல்மின் நிலையங்களில் உயர் அழுத்த நீராவி ஓடும் குழாய்களை வெல்டிங் செய்தா வேலை அதோடு முடியாது. குரோமியம் கலந்த பி91 மாதிரி எஃகு என்றால், வெல்டிங் செய்த இடத்தை மறுபடி 750 டிகிரிக்கு மேல் சூடாக்கி, மணிக்கணக்கில் அதே சூட்டில் வைத்து, மெதுவா ஆறவிடணும். இந்த மாதிரி வேலையில் குழாய் மேலேயே தெர்மோகப்பிள் கம்பிகளை ஒட்டி, சூட்டை நிமிடத்துக்கு நிமிடம் பதிவு செய்வாங்க. 20, 30 டிகிரி தப்பினா எஃகின் பலமே மாறிடும். பின்னாளில் அந்தக் குழாயில் விரிசல் விட்டா பக்கத்தில் நிற்பது மனிதர்கள். சால்டரிங் கடையில் போவது ஒரு போர்டு. இங்கே போவது உயிர்.

கடைசி வருஷங்கள்

1948-ல் அணுசக்தி ஆணையம் அமைந்தபோது உறுப்பினர்கள் மூன்றே பேர். ஹோமி பாபா, சாந்தி ஸ்வரூப் பட்நாகர், கிருஷ்ணன். 1954-ல் பத்ம பூஷண் வந்தது. பட்நாகர் பெயரில் தொடங்கிய அறிவியல் விருது 1958-ல் முதன்முதலா போனதும் கிருஷ்ணனுக்குத்தான். பதவியும் பட்டமும் சேர்ந்தாலும் இலக்கியத்தை விடல, தமிழிலும் சமஸ்கிருதத்திலும் ஆழமான வாசிப்பு உள்ளவர்.

1961 ஜூன் 14-ல் டெல்லியில் காலமானார். வயது 62. இயக்குநர் நாற்காலியில் இருந்தபடியேதான் போனார்.

அணுசக்தித் துறை இயற்பியல், பொறியியல் உள்ளிட்ட துறைகளில் இளம் ஆய்வாளர்களுக்குக் கொடுக்கும் ஒரு ஆராய்ச்சி வாய்ப்பு இவர் பெயரில் இருக்கு, டாக்டர் கே.எஸ்.கிருஷ்ணன் ஆராய்ச்சி அசோசியேட்ஷிப். ஆராய்ச்சி பக்கம் போகும் மாணவர்கள் இதைத் தேடிப் பார்க்கலாம்.

தெர்மோகப்பிள் வாங்கும் நிறுவனங்கள் அதோடு ஒரு அளவுத்திருத்தச் சான்றிதழும் கேட்டு வாங்குவாங்க. இந்த அளவு எந்தக் கருவியோடு ஒப்பிடப்பட்டது, அந்தக் கருவி எதோடு ஒப்பிடப்பட்டது என்று அதில் ஒரு சங்கிலி இருக்கும். இந்தியாவில் அந்தச் சங்கிலி போய் முடிவது டெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில். அது இருக்கும் சாலையின் பெயர் டாக்டர் கே.எஸ்.கிருஷ்ணன் மார்க்.